மடிப்பு விழுந்த இரும்புச் சுவர்

சூறாவளியில் கலந்தர் ஹாஜியாரின் சம்மாந்துறை நெல் ஆலை சரிந்து போனது. அதை இரும்பில் திரும்பக் கட்டிய வேலைக்குக் கல்முனையிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வந்து மேற்பார்த்த ஓவசியர் நான். காற்றைத் தாங்குவதற்காக, இரண்டு தூண்களுக்கு நடுவே மெல்லிய தகட்டை நாலு பக்கமும் வெல்டிங் பிடித்துச் சுவராக நிறுத்தியிருந்தோம்.

திறப்புக்கு முந்திய கிழமை வாடைக்காற்று எழும்பியது. கீழ்மாடித் தகட்டில் மூலைக்கு மூலை சாய்வாக மடிப்புகள் விழுந்தன. போர்வையை இருவர் எதிரெதிர் மூலையில் பிடித்து இழுத்தால் விழுமே, அப்படி. காலை வெயில் பட்டு அந்த மடிப்புகள் மெல்ல அசைந்தன. அழகாகத்தான் இருந்தது. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

எஞ்சினியரின் வரைபடத்தில் ஒரு வரி இருந்தது: தகடு மடியும், மடிந்த பிறகும் தூண்களை இழுத்துப் பிடிக்கும். அதை நகலெடுத்து ட்ரேசிங் போட்டபோது நான் அந்த வரியை விட்டுவிட்டேன். மடிகிற சுவருக்கு எந்த ஹாஜியார் சம்மதிப்பார்? எனக்கே நம்பிக்கை இல்லை.

திறப்பு விருந்தான கந்தூரி நாள் காலையில் ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார்.

"கசங்கின சுவருக்கு முன்னால சனத்த இரித்திச் சோறு போடுறதா? லுஹர் தொழுகைக்கு முன்னம் வெட்டிப்போட்டுப் புதுசு வைங்க."

வெல்டர் ஆதம்பாவா தயங்கினார். நான்தான் வெட்டச் சொன்னேன். மேல்மாடியில் நபிபுகழ் ஓதும் மௌலூது தொடங்கியிருந்தது. ஐம்பது பேர் ஓதும் குரல் நெய்ச்சோற்று வாசத்தோடு இறங்கி வந்தது. என் வாப்பாவும் அங்கே இருந்தார். தூக்கத்தில் நிற்பவன் மாதிரி நின்றேன்.

ஒரு முழம் வெட்டியிருப்பார். தகடு பெருஞ்சத்தத்தோடு அதிர்ந்தது, தூண் அசைந்தது. மேலே ஓதல் நின்றது. ஆதம்பாவா நெருப்பை அணைத்துவிட்டு மடிப்பில் உள்ளங்கையை வைத்தார்.

"கை வெச்சிப் பாருங்க ஓவசியர். இது கெட்டுப்போகல்ல. இதுதான் எல்லாத்தையும் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

வைத்தேன். காற்று வரும்போதெல்லாம் தகடு என் கைக்குக் கீழே இறுகி இறுகித் தளர்ந்தது. ஹாஜியாரிடம் அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஏசவில்லை; எல்லோரையும் இறக்கச் சொன்னார். வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டினோம். வெட்கத்தை மறைக்க வேலையைத் திருத்தப் போகக் கூடாது என்பதை அன்று படித்தேன்.

கடைசியாக இறங்கியவர் வாப்பா. என்ன சத்தம் என்று கேட்டார்.

"உங்கட காலுக்குக் கீழ நிண்டத நான் வெட்டப் பாத்தன் வாப்பா."