பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு தேவதூதனாக நடிக்கப் பத்துப் பேர் முட்டிமோதுவார்கள். சாத்தானாக நடிக்க ஆள் கிடைக்காது. அந்த வருஷம் நானே கையைத் தூக்கினேன். வசனமும் நானே எழுதுகிறேன் என்றேன். என்ன பக்தி என்று பாஸ்டரம்மா மெச்சிக்கொண்டார். பக்தியாவது ஒன்றாவது. எனக்கு ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டியிருந்தது.

அவர் சபை மூப்பர். கதை சொல்வதில் மன்னன். வண்டி பஞ்சரானதைச் சொன்னால்கூட நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ராஜகீழ்ப்பாக்கத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். அங்கே புறம் பேசக்கூடாது. ஆனால் ஜெபக்குறிப்பு கொடுக்கலாம். அதாவது, யாருக்கு என்ன கஷ்டமோ அதைச் சொல்லி எல்லாரையும் ஜெபிக்கக் கேட்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களிடம் அந்த வாய்க்கு ஓர் ஆமென் வேறு உண்டு.

என் தங்கை பம்மலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாளில் உபவாசம் இருந்துகொண்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவள் மயங்கி விழுந்தாள். ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்விட்டாள். அந்த வழியாக ஸ்கூட்டரில் போன மூப்பர் இறங்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார். "பேர் வேணாம், கர்த்தருக்குத் தெரியும். கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒரு மகள். சின்ன வயசுலேருந்தே வலிப்பு. பெத்தவங்க மறைச்சுக் கல்யாணம் பேசுறாங்க." அன்றைக்கு நாங்கள் போகவில்லை. கீழ்க்கட்டளையில் தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அத்தை போயிருந்தார்.

நிச்சயதார்த்தப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. "கர்த்தருக்குச் சித்தமில்லைன்னு தோணுதுங்க." வேண்டாம் என்று சொல்லும் வேலையைக்கூடக் கடவுள் தலையில் கட்டிவிடுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு வசதி.

அந்த அத்தையிடம் போய்க் கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. நேரே மூப்பர் வீட்டுக்குப் போனேன். "நான் பேரே சொல்லலையேம்மா," என்று சிரித்தார். வலிப்பு வந்தால்தான் என்ன, அது பாவமா? ஆனால் அவளுக்கு அது இல்லை. அவர் கெடுக்க நினைத்துச் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெறும் மயக்கம் அவர் கதைக்குப் போதவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

டிசம்பரில் தங்கை கெஞ்சினாள். "இப்பதான்க்கா பேச்சு அடங்குது. மேடவாக்கத்துலேருந்து ஒரு இடம் வருது. விட்டுடு." சரி என்றேன். மனசுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

என் சாத்தானுக்குக் கொம்பு இல்லை, வால் இல்லை. வானத்திலிருந்து தள்ளப்பட்ட தூதன்தானே அவன், மூப்பரைப் போலவே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான், கையில் மடித்த கைக்குட்டையோடு. ரிகர்சலில் வேறு வசனம் பேசியிருந்தேன். மேடையில் தொண்டையைச் செருமி, கண்ணை ஒற்றி, "பேர் வேணாம், கர்த்தருக்குத் தெரியும்," என்றதுமே சிரிப்பு கிளம்பியது. நான் விடவில்லை. கணக்கு டீச்சர், வலிப்பு, மறைத்த பெற்றோர் என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு சபையைப் பார்த்து, "இது பூராவும் பொய். ஆனா கேக்க நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டேன்.

முதல் வரிசையில் மூப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டைக்காகப் பையில் கைவிட்டவர், அதை வெளியே எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இனித்தது. இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது.

முடிந்ததும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். நானும் தங்கையும் தட்டோடு நின்றிருந்தோம். பாடகர் குழுவில் பாடும் ஆன்ட்டி ஒருவர் வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வராதவர், யாரைப் பற்றியும் ஒரு சொல் தப்பாகப் பேசாதவர்.

"உங்கக்கா பொய்யுன்னு மூடி மறைச்சாலும் எனக்குப் புரிஞ்சுதும்மா. உனக்கு வலிப்புன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியவே தெரியாது. இனிமே தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள் தங்கை. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.