முழங்கால் போன ஸ்காட்லாந்துக்காரரைத் தேடி பலெர்மோவில்

மார்ச் கடைசியில் நான்கு நாள் விடுமுறை கிடைத்ததும் இத்தாலியின் பலெர்மோவுக்குக் கிளம்பிவிட்டேன். கிளாஸ்கோவில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய கொள்ளுத்தாத்தா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் பேர் வாங்கிய கால்பந்து வீரர். (குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை விடுகிறேன்.) முழங்கால் போனதும் கப்பலேறி பலெர்மோ வந்து, ஒரு சின்ன அணிக்கு மேனேஜர் ஆனாராம். ஓட முடியாதவர் ஆதலால், பந்தை ஓடவிடுங்கள், நீங்கள் நில்லுங்கள் என்றுதான் பழக்கினாராம். அந்த அணியின் மைதானம் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் இருந்தது என்பது குடும்பக் கதை. கால்பந்துப் பைத்தியத்துக்கு வேறென்ன வேண்டும்?

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் பேருந்தில் சுமார் ஆறரை யூரோ, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நண்பர் ஒருவர் சீசாவில் அன்டன் அண்ணா வீட்டில் அறை பிடித்துத் தந்திருந்தார். அண்ணா இலங்கையின் மன்னார்க்காரர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு முதியவரைத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் ஐவர் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன்.

மறுநாள் காலை மைதானத்தைத் தேடினால், அங்கே அடுக்குமாடி வீடுகளும் ஒரு டயர் கடையும்தான். என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அண்ணா சிரித்தார்.

"விடுங்கோ தம்பி. இண்டைக்கு வியாழன், எங்கட மச் இருக்கு. வாங்கோ."

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் மதியம் ஓய்வு. ஆகவே பலெர்மோ தமிழர்களின் கால்பந்தும் வியாழன்தான். அன்று நகரின் கால்சா பகுதி அணியுடன் ஆட்டம். அண்ணா முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருக்க, அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா மீன் ரோல்ஸை என் கையில் திணித்துவிட்டு அவரிடம் பொரிந்து தள்ளினார்.

"இஞ்சாருங்கோ, டொக்டர் என்ன சொன்னவர்? இன்னொருக்கா விழுந்தால் ஒப்பரேசன். பிறகு ஆர் அந்தக் கிழவரைத் தூக்குறது? வேலை போயிடும்!"

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணா. தெரிந்தும் இறங்கினார். இடைவேளைக்கு நொண்டிக்கொண்டே வந்தார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்காட்லாந்துக்காரரின் கதையைச் சொன்னேன்.

"விளையாடாமல் வெளியில நிண்டு அவர் என்ன செய்தவர்?"

"கத்தினாராம் அண்ணா. அந்த அணி நல்லா ஆட ஆரம்பிச்சதே அப்புறம்தானாம்."

அண்ணா கேப்டன் பட்டையைக் கழற்றினார். மாற்று ஆட்டக்காரர் வரவில்லை; அவர் வேலை செய்யும் வீட்டு எஜமானி, அதாவது சின்யோராவுக்குத் திடீர் விருந்தாளிகள், அவரை விடவில்லை. அண்ணாவின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"கதை சொன்னது நீங்கள்தானே தம்பி? இறங்குங்கோ."

கல்லூரிக்குப் பிறகு நான் பந்தைத் தொட்டதில்லை. ஐந்தே நிமிடத்தில் நாக்குத் தள்ளியது. கோட்டருகே அண்ணா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் பந்து நேராக என்னை நோக்கி வந்தது. கால்சாவின் இரண்டு பேர் என் மேல் பாய்ந்தார்கள்.

"தம்பி, தொடாதேங்கோ! விடுங்கோ!"

விட்டேன். பந்து என் கால்களுக்கிடையே புகுந்து போனது. பின்னால் தனியாக நின்ற எங்கள் ஆள் அதை வலைக்குள் தள்ளினார்; மூன்றுக்கு இரண்டு, வென்றுவிட்டோம். அண்ணா வலியை மறந்து குதிக்கப் பார்க்க, அக்கா அவரைப் பிடித்து நிறுத்தினார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் எனக்கும்தான்.

இரவு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் கடலுணவு, அணியின் உபயம். வீட்டு உரிமையாளருக்கு மைதானப் படம் அனுப்ப முடியவில்லை. கோட்டருகே கைவீசிக் கத்தும் அன்டன் அண்ணாவின் படத்தை அனுப்பினேன். "இவரேதான்" என்று பதில் வந்தது.

போகிறவர்களுக்கு: நகரப் பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கிவிடுங்கள். வியாழன் மதியத்தைக் காலியாக வையுங்கள். பையில் ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கட்டும். ஆள் குறைந்தால் மேனேஜர் யாரையும் விடமாட்டார்.