பிரிண்டரில் எங்கள் முறை

ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைஃபையில் இணைத்த அன்றே, பக்கத்து வீட்டு ராணி அக்காவுக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன். ஒயரே இல்லாமல் அவருடைய போனிலிருந்து காகிதம் வந்ததும், "படிச்ச புள்ளன்னா சும்மாவா!" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சில வாரங்கள் கழித்து, தங்கை கல்லூரித் தேர்வுக்குக் கிளம்பும் காலை. அவளுடைய ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் கொடுத்தேன். ஆனால் அக்கா தன் மகனின் பள்ளி புராஜெக்டுக்காக அனுப்பியிருந்த கலர் படங்கள்தான் ஒவ்வொன்றாக, நிதானமாக வந்துகொண்டிருந்தன. பொன்னேரி பஸ் வரும் நேரம். அக்காவின் படங்களை ரத்து செய்யப் போனேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அவங்க முன்னாடி அனுப்பிச்சிக்கிறாங்கண்ணா. ஒரு வார்த்த கேட்டுட்டு வா."

"நம்ம பிரிண்டரு. இன்னாத்துக்குக் கேக்கணும்?"

"ஏரியும்தான் நம்முது. அடுத்தவங்க பாட்டுல நைனா வலை வுடுவாரா?"

அப்பா மீன்பிடிக்கும் ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை விடுவது என்று முறை வைத்திருப்பதைத்தான் நாங்கள் பாடு என்போம். தேர்வு அவளுடையது. அவளே அப்படிச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா உடனே போனில் நிறுத்தினார். "இதக் கேக்க இன்னாபா இவ்ளோ தயக்கம்? ஓடு, பஸ் உனக்கோசரம் நிக்குமா?"

ஹால் டிக்கெட்டோடு தங்கை பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

பாஸ்வேர்டு கொடுத்த நாளிலிருந்து, எங்கள் தெருவில் நான் கொடுக்கிறவன் என்றே நினைத்திருந்தேன். அக்காவின் வாசலில் நின்று கேட்ட அந்த ஒரு நிமிடத்தில்தான், நானும் வரிசையில் ஒருவன் என்று தெரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஏதோ பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது.