நீலக் கொங்காடைக்குள் நின்றவள்

அந்தப் படத்தில் இருந்தது முதுகு மட்டும்தான். தலையோடு போர்த்தி மழையில் நனைந்த நீலக் கொங்காடை, அதற்குக் கீழே சேற்றில் புதைந்த இரண்டு வெறுங்கால்கள், எதிரே தூக்கி நின்ற ஜேசிபியின் கை. ஏற்காட்டிலிருந்து சேலம் வரைக்கும் அந்த முதுகுக்கு மேனகா என்று பேர் வைத்திருந்தார்கள். அது தன்னுடைய முதுகு என்று ஆராயிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்தாள்.

ஆராயி பிறந்த ஊர் கொட்டச்சேடு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவள். சின்னனுக்கு வாக்கப்பட்டு வாழவந்திக்கு வந்தாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டாள். கண் மட்டும் எதையும் விடாது. சின்னனின் தம்பி மாரியப்பனைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தவள் மேனகா. ப்ளஸ் டூ படித்தவள். தாசில்தாரிடமே நேருக்கு நேர் பேசுவாள். ஓரகத்திகள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அந்தப் பக்கம் நேரங்கெட்ட நேரத்தில் மிக்ஸி ஓடினால் மேனகாவைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆராயியைப் பார்க்க யாரும் வருவதில்லை.

ஊருக்கு மேலே மாடு மேய்கிற பொறம்போக்கை ஏதோ ஒரு கம்பெனிக்குக் கல் வெட்டக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது சுற்றியிருந்த ஊர்களெல்லாம் கொதித்தன. வீட்டுக்கு வீடு கருப்புக் கொடி ஏறியது. பஸ் மறியல் நடந்தது. வார்டு மெம்பர்கள் ராஜினாமா செய்தார்கள். தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. இதையெல்லாம் படமெடுத்தவன் ஜாபெஸ். ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்து ஞானஸ்நானமும் கல்யாணமும் எடுக்கிறவன். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் கேமராவோடு போராட்டப் பந்தலுக்கு வந்துவிடுவான்.

"நாளைக்கு இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைம்பாங்க. படம் இருந்தா அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்பான்.

ஜேசிபி வந்த அன்று நல்ல மழை. போராட்டப் பந்தலுக்கு வாங்கிய நீலத் தார்ப்பாயை மேனகாதான் ஆளுக்கொரு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். பெண்கள் அதைக் கூம்பாக மடித்து, தலையிலிருந்து முழங்கால் வரை கொங்காடையாகப் போட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்ததும் கூட்டம் கலைந்து ஓடியது. ஆராயி ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. வண்டி அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே, 'இயந்திரத்தை மறித்த மேனகா.' நிருபருக்கு அந்த ஊரில் தெரிந்த ஒரே பெண்பேர் அதுதான்.

வேலை நின்றது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. முதுகு சுவரொட்டியானது, பேனரானது. சேலத்துக்குக் கூப்பிட்டு மேனகாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் வெளியூர்ப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, "அதே மாதிரித் திரும்பி நில்லுங்கக்கா" என்றார்கள். மேனகாவும் வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பி நின்றாள். தேங்காய்த் தட்டோடு வரிசையில் நின்ற ஆராயி அந்த முதுகைப் பார்த்தாள். சரிந்த தோள். இந்தத் தோளா அந்தத் தோள்? கண்ணில்லையா இவர்களுக்கு?

வீட்டுக்கு வந்ததும் சின்னனிடம் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, அந்தப் படத்துல இருக்கறது நானுங்க."

"முதுகுல என்ன புள்ள இருக்குது? எல்லா முதுகும் ஒண்ணுதான்."

"கட்டுன பொண்டாட்டி முதுகு தெரியாதுங்களா உங்களுக்கு?"

"கொங்காடைக்குள்ள என்ன தெரியும்? மூட்டையை நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

அன்றைக்கு அவனுக்குக் கருவாடு இல்லை.

மேனகாவிடமும் ஒருதரம் சுவரோரமாகப் பேச்செடுத்துப் பார்த்தாள். "எல்லாருந்தானே அக்கா போராடுனோம். யாரு பேரு போட்டா என்ன?" என்றாள் மேனகா. உன்ற பேரு போட்டிருக்கறதுனால உனக்கு ஒண்ணுமில்லதான் என்று ஆராயிக்கு நாக்கு நுனி வரை வந்தது. துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த ஆடியில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. தடையை மீறி வண்டியை மறித்ததாகப் படத்தில் இருக்கும் பெண் மேல் வழக்கு. மேனகா திங்கட்கிழமை வந்து பதில் சொல்ல வேண்டும்.

கேட்டதும் ஆராயிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தாள். ஆனால் சாயங்காலத்துக்குள் மேனகாவின் வாசலில் ஊரே கூடிவிட்டது. ஒருத்தர் வாழைத்தார் கொண்டுவந்தார். இன்னொருத்தர் ஜீப் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மேலத்தெரு வெள்ளையம்மாள் மேனகாவின் கன்னத்தைத் தடவி, "என்ற சாமி, எங்களுக்காகக் கேசு வாங்கிட்டியே" என்று அழுதாள். மேனகாவும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்கலாங்க" என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஆராயிக்கு வயிறு காந்தியது. பேரை எடுத்துக்கொண்டாள். சால்வையை எடுத்துக்கொண்டாள். இப்போது என் கேஸையும் எடுத்துக்கொண்டாளே!

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போனாள். ஜாபெஸ் கடையில் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் படத்துக்கு அடுத்தாப்ல வேற ஏதாச்சும் எடுத்தியா?"

அவன் கத்தரியைக் கீழே வைத்தான். "எடுத்தனுங்க. அதுல நீங்க திரும்பிட்டீங்க."

"அப்ப நான்தான்னு உனக்குத் தெரியும்."

"தெரியுங்கக்கா."

"தெரிஞ்சுமா ஒரு வருசம் வாயே தொறக்கல?"

"முகம் தெரியற படம் பேப்பருக்குப் போனா ஆளைப் புடிச்சுருவாங்க. அதனாலதான் முதுகை அனுப்புனேன். பேரு அவங்களாப் போட்டுக்கிட்டது."

"தப்புன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்களே. உங்க பேரை நான் எப்படிச் சொல்றது?"

ஆராயி கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றாள். "காட்டு" என்றாள்.

திரையில் வந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். கொங்காடை நழுவியிருந்தது. வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. கண் பிதுங்கி, மூக்கு ஒழுகி, அழுகிறாளா கத்துகிறாளா என்று சொல்ல முடியாத முகம். இத்தனை நாளும் அந்த முதுகுக்கு முன்பக்கம் அவள் வேறொரு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையைத் தூக்கி, கண் அசையாமல், மேடையில் மேனகா நிற்பாளே அந்த மாதிரி.

"நொம்பப் பயந்திருக்கறேன்."

"ஆமாங்கக்கா."

"பெருசாப் போட்டுக் குடு."

"இது வெளிய போனாக் கேசு உங்க மேல வரும். கோவத்துல கேக்கறீங்களா?"

"பொறாமைல கேக்கறேன்" என்றாள் ஆராயி.

ஜாபெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பிரிண்டரைப் போட்டான்.

படத்தை நேரே மேனகாவின் அடுப்படிக்கே கொண்டுபோனாள். மேனகா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"கேசைக்கூட எனக்கு உட்டுக்குடுக்க மனசு வரலியா உனக்கு?"

"வரல."

மேனகா படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் ஓரமெல்லாம் தேடினாள். தூரத்தில், முள்வேலிக்கு அந்தப் பக்கம், குனிந்து ஓடுகிற நீலப் புள்ளிகள்.

"இதுல ஒண்ணு நான்" என்றாள். "வேலியைத் தாண்டுன பொறவுதான் திரும்பிப் பாத்தேன். நீ நிக்கற. ஊருக்கெல்லாம் தொண்டை கிழியப் பேசுன நான் ஓடறேன், ஒத்த வார்த்தை பேசத் தெரியாத நீ நிக்கற. அன்னைலருந்து உன்னையப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவங்க என்ற பேரைப் போட்டப்ப, இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியும் என்று ஆராயி நினைத்ததே இல்லை. உள்ளே எங்கோ இனித்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல், "திங்கக்கெழமை நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா? பயந்து நடுங்கறாப்ல இல்ல இருக்குது?"

"பயந்தனுங்க. வண்டி அத்தாச்சோடு பெருசா வந்துச்சுங்க."

பேர், புருஷன் பேர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று அனுப்பினார். மேனகாவிடம், உங்களைத் தேவையில்லை என்றார்.

வெளியே வந்தபோது நிருபர்கள் மைக்கோடு காத்திருந்தார்கள். பழக்கம். நேராக மேனகாவிடம்தான் போனார்கள். மேனகாவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஊட்டு மூத்தவங்க ஆராயி அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னா" என்று ஆரம்பித்துவிட்டாள். நன்றாகத்தான் சொன்னாள். ஒரு பொய் இல்லை. அடுத்த வாக்கியத்துக்குள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராயி போய் நடுவில் நின்றாள்.

"நகரு மேனகா. நான் சொல்றேன்."

மைக் அவள் பக்கம் திரும்பியது. வாய் கோணியது, அது அவளுக்கே தெரிந்தது. "அன்னைக்கு நல்ல மழைங்க" என்று தொடங்கினாள். மேனகா அரை அடி விலகினாள். அதற்கு மேல் விலகாமல், கேமராவில் விழுகிற தூரத்தில் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.