ஒரே பேருக்கு இரண்டு எண்

போன வாரம் செந்துறை பஸ்ஸில் ஒரு போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதைக் கேட்டு வந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசனை. எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

நான் வேலை பார்ப்பது அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். இரண்டு மாதம் முன்பு காசியம்மாள் என்கிற அந்த அம்மா மகனோடு வந்தார். கணவர் இறந்து மூன்று நாள்.

"போன வருசம் பொங்கலுக்கு ரெண்டு பேரும் இங்கதான் தம்பி எடுத்துக்கிட்டோம். நீங்கதான் அவரு சட்டைக் காலர சரி பண்ணி வுட்டீங்க."

எங்கள் கம்ப்யூட்டரில் பேரையும் போன் நம்பரையும் தட்டினால், எழுத்தையெல்லாம் எண்ணாக்கிப் பெருக்கிக் கூட்டி ஒரு எண் தரும். ஹாஷ் என்பார்கள். அந்த எண்ணில்தான் படம் இருக்கும். தட்டினேன். 'இல்லை' என்றது.

"வேற கடையில எடுத்திருப்பீங்கம்மா" என்றார் முதலாளி.

"அப்பா போனதுலேருந்து இதுக்கு எதுவும் நெனப்புல நிக்கல சார்" என்றான் மகன். "வாம்மா, போலாம்."

அந்தக் காலர் எனக்கு லேசாக ஞாபகம் இருந்தது. சொல்லியிருக்கலாமே? மெஷினே இல்லை என்கிறபோது நான் யார்... வாயை மூடிக்கொண்டேன்.

பழைய படம் கேட்டு வருபவர்கள் குறைவு. அடுத்தடுத்து நாலு பேருக்கு 'இல்லை' வந்த பிறகுதான், புரோகிராம் எழுதிக் கொடுத்தவரைப் பெரம்பலூரிலிருந்து வரவழைத்தோம்.

"கம்ப்யூட்டர மாத்துனீங்களாண்ணே?"

"ஆமா, ஆடியில."

தலையில் கை வைத்துக்கொண்டார். "பழசுல ஒரு எண்ணுக்கு எடம் சின்னது. அதுக்கு மீறிப் போனா வெட்டிட்டு மிச்சத்த வச்சுக்கும். புதுசுல எடம் பெருசு, வெட்டாது. பேரு அதேதான், எண்ணு வேறயா வரும். அளவ நான் முன்னயே கட்டிப் போட்டிருக்கணும். என் தப்புதாண்ணே."

காசியம்மாள் படமும் மற்ற படங்களும் பழைய எண்ணில் பத்திரமாக இருந்தன. நாங்கள்தான் புது எண்ணில் தேடிக்கொண்டிருந்தோம்.

செந்துறையில் காசியம்மாள் வீட்டுச் சுவரில், ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம். புகை படிந்த மாதிரி. பதினாறாம் நாள் காரியமெல்லாம் அதன் முன்னால்தான் நடந்திருக்கிறது.

படத்தை நீட்டினேன். கணவர் முகத்தைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. மகனிடம் கொடுத்தார்.

"மூலையில கடை பேரும் தேதியும் இருக்குதா? சத்தமா படி."

படித்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவல இல்ல? இனிமேலாச்சும் என்னையத் தனியா பஸ்ஸேற வுடுவியாடா?"

அதற்குப் பிறகுதான் அவர் படத்தை வாங்கிப் பார்த்து அழுதார். இரண்டு மாதமாகத் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒருத்தர் இருந்திருக்கிறார்... நான் ஒரு வார்த்தை சொல்லாததால்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் 'இல்லை' என்றால், "இருங்க, கையால தேடிப் பாக்குறேன்" என்று நானே சொல்லிவிடுகிறேன் — இரண்டு மாதம் தாமதமாக.