ஆறாவது படத்தில் வைத்த பொட்டு

பார்சிப்பனியில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி, சனிக்கிழமைகளில் தம் பேஸ்மென்ட்டில் வங்காளிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி சொல்லித் தருகிறார். சென்ற பிப்ரவரியில் ஒரு நாள், வகுப்புச் சுவரில் தங்கள் ஊர்ப் பெரியவர்களின் படங்களை மாட்டித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். மொத்தம் ஆறு படங்கள், எல்லோரும் ஆசிரியர்கள் என்றார். அளந்து மாட்டும் வேலை எனக்குப் பிடித்தமானது. ஒப்புக்கொண்டேன்.

அப்போது அவர் மனம் முழுவதும் கொல்கத்தாவில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அவருடைய தாய் படுக்கையை விட்டு எழவில்லை. இவருக்கோ கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில். வெளியே போய்த் திரும்புவதற்கான அனுமதிக் கடிதம் வராமல் கிளம்பினால் விண்ணப்பமே போய்விடும். தபால் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவார்.

சனிக்கிழமை காலை 9.10க்கு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் இடையே பதினான்கு அங்குலம். உடன்கட்டையை எதிர்த்தவர், விதவைகளின் மறுமணத்துக்காக வாதாடிய பண்டிதர், மரத்தடியில் வகுப்பு வைத்த கவிஞர், தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த பேராசிரியர், பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அம்மையார். பெயர்கள் படங்களின் பின்னால் இருந்தன. ஆறாவது படத்தில் மட்டும் பெயர் இல்லை. வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. அவரையும் பண்டிதருக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

வெறும் படங்களாக விட மனம் வரவில்லை. இந்தியக் கடையில் ஆறு மாலைகள் வாங்கி வந்திருந்தேன். நம் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உடன்கட்டையை எதிர்த்தவர் உருவ வழிபாடே கூடாது என்றவர்; அவர் நெற்றியும் தப்பவில்லை.

சிற்றுண்டித் தட்டோடு இறங்கி வந்த என் மனைவி படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இந்த வெள்ளைப் புடவைக்காரங்க அவங்க அம்மாங்க. உயிரோட இருக்காங்க. நான் வீடியோ கால்ல பார்த்திருக்கேன்.”

ஏணியை மறுபடி சுவரருகே இழுத்தேன்.

“மணி நிமிஷம் குறிச்சு தினமும் டைரி எழுதுறீங்க. மாலை போடுறதுக்கு முன்னாடி, யாரு இருக்கா, யாரு இல்லன்னு ஒரு வார்த்தை செக் பண்ண மாட்டீங்களா?”

நான் ஏணியில் ஏறுவதற்குள் அந்தப் பெண்மணி போனோடு வந்துவிட்டார். அம்மாவுக்குச் சுவரைக் காட்டத்தான் வந்தார். மாலையைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. போனைத் திருப்பப் பார்த்தார். ஆனால் அதற்குள் அந்த அம்மாள் பார்த்துவிட்டார். திரையில் ஒரு தலையணை, அதன் மேல் நரைத்த சிறிய தலை. நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த அம்மாள் வங்காள மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார். மகள் ஒரு டிஷ்யூவை எடுத்துக் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனார். நெடுங்காலத்துக்கு முன்பே கணவரை இழந்தவர் அவர் அம்மா. அவர்கள் வழக்கத்தில் அது இருக்கக்கூடாத பொட்டு. அவர் கணவரை இழந்தவர் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரையிலிருந்து குரல் சற்று உயர்ந்தது. மகளின் கை நின்றது.

அம்மாள் சொன்னதைப் பிறகு மகளே எனக்கு மொழிபெயர்த்தார். “மாலையை எடுத்துவிடச் சொல். அதை நீ வந்து போட்டால் போதும், அதுவரை இருப்பேன். பொட்டு இருக்கட்டும். பக்கத்துப் படத்தில் இருக்கும் பண்டிதரைப் பற்றி வருஷா வருஷம் பெண்களுக்குப் பாடம் நடத்தினேன். வெறும் நெற்றியோடு நின்றுதான் நடத்தினேன். ஒரு பெண் கூட ஏன் என்று கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.”

நான் மாலையை எடுத்தேன். மகள் டிஷ்யூவைக் கைக்குள் கசக்கிக்கொண்டார்.

அன்றைய தபாலிலும் கடிதம் வரவில்லை. பத்து மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாடத்தைத் தொடங்கினார். அன்று பண்டிதரைப் பற்றிய பாடம். பாதியிலேயே அம்மாள் தூங்கிவிட்டார். வகுப்பு முடியும் வரை அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை.