நைனா அணைக்காத கற்பூரம்

கண்டிராக்டர் நெற்றியில் எப்போதும் மூன்று பட்டை விபூதி இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு திருத்தணி மலையடிவாரத்தில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவார். நானே இரண்டு தடவை வாங்கிக் குடித்திருக்கிறேன். இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தட்டிப் போட்டு நன்றாகத்தான் இருக்கும். எங்கள் கூலி அந்த மோரில்தான் கரைந்தது என்று நான் சொல்லமாட்டேன். மோருக்கு அவ்வளவு செலவு ஆகாது.

அது உலகச் சண்டை நடந்த காலம். எனக்கு ஒன்பது வயசு. ரயில் பாதைக்குக் கொட்ட ஜல்லி வேண்டும் என்று, திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பாறையை உடைக்கிற வேலையை ரயில்காரர்களிடமிருந்து அவர் எடுத்திருந்தார். நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. நைனாவும் அம்மாவும் எங்கள் தெருவிலிருந்து இன்னும் பன்னிரண்டு பேரும் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தது நைனாதான். எனக்கும் ஒரு சின்ன சுத்தி இருந்தது. நான் உடைத்த கல் அம்மாவின் குவியலில் சேரும்.

மூன்று மாசம் கூலி வரவில்லை. கேட்டால், "பில்லு பாஸாவலய்யா, வந்ததும் மொத்தமா தரேன்" என்பார். ஆட்களைக் கூப்பிட்டு வந்தவர் என்பதால் கேட்கப் போகிற வேலையும் நைனா தலையில்தான் விழுந்தது. சனிக்கிழமை தோறும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒண்டியாகக் கிளம்புவார். இருட்டுவதற்குள் வெறுங்கையோடு வந்துவிடுவார். தெரு முழுவதும் அவர் போவதையும் பார்க்கும், வருவதையும் பார்க்கும். கண்டிராக்டர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. இது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அம்மாவின் தம்பி, என் மாமா, அரக்கோணம் ரயில் ஷெட்டில் வேலை செய்தார். அங்கே தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, களியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நைனாவிடம் பேசினார்.

"பாவா, இதுக்குன்னே ஒரு சட்டம் கீது. ரயிலுக்கு வேல எடுத்த கண்டிராக்டரோட ஆளுக்கும் அது உண்டு. மாசம் முடிஞ்சி ஏழு நாளுக்குள்ள கூலிய குடுத்தாவணும். குடுக்கலன்னா ஆறு மாசத்துக்குள்ள மனு போடலாம். பதினாலு பேரும் ஒரே மனுவா போடலாம்."

"கேஸு போட்டா அப்பால எவன்டா வேல குடுப்பான்?" என்றார் நைனா.

"இப்ப மட்டும் குடுத்து கிழிச்சிகினு கீறானா?"

அம்மா சிரித்துவிட்டாள். நைனாவும் சிரித்தார். மாமா சங்கத்தில் மனு எழுதிக்கொண்டு வந்தார். பதினாலு பேரும் பெருவிரலில் மசி தடவிக் கைநாட்டு வைத்தார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. சுவரில் ஒரு நாட்டு வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். மாமா போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "குடுத்தேன்னு சொல்றவன்தான் அத ரிஜிஸ்டர்ல காட்டணும் பாவா. நாம வேல செஞ்சோம்னு சொன்னா போதும். வேற எதுக்கும் நாம பதில் சொல்லத் தேவையில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். காதில் வாங்கினார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கூலி வழக்கை விசாரிக்கிற பட்டணத்து அதிகாரியிடமிருந்து கண்டிராக்டருக்கு நோட்டீசு போயிற்று. அடுத்த வாரம் அவரே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். வண்டியில் இல்லை, நடந்து. கோபமாகவும் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க பதினாலு பேரு கூலியும் நான் அப்பவே குடுத்துட்டேனே. சனிக்கெயம சனிக்கெயம வந்து வாங்கிகினு போனானே, உங்க ஆளு."

யாராவது சிரிப்பார்கள், அல்லது சண்டைக்குப் போவார்கள் என்று பார்த்தேன். பன்னிரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி நைனாவைப் பார்த்தார்கள்.

"ரிஜிஸ்டர் காட்டுய்யா" என்று கடைசியில் நைனா சொன்னார்.

"ரிஜிஸ்டர் மனுசன் எழுதறது. அதுல நான் பொய்கூட எழுதலாம். அவ்ளோ தூரம் எதுக்குப்பா? முருகன் இருக்கிற ஊர்ல பொறந்துட்டு பட்டணத்துக்காரன்கிட்ட போயி நாயம் கேக்கறதா? வாங்கலன்னு நீ கற்பூரம் அணைச்சி சொல்லு. ரெண்டாவது பேச்சு பேசமாட்டேன், பத்து மடங்கா எண்ணி வச்சிடறேன்."

எங்கள் ஜனங்களுக்கு அதற்கு மேல் ஒரு நியாயஸ்தலம் கிடையாது. கற்பூரத்தைக் கொளுத்தி, மலையைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. பொய்யாக அணைத்தவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள். நிஜத்துக்காக அணைப்பதற்கே நாலு தலைமுறை யோசிப்பார்கள். வாய் தவறி ஒரு சொல் பிசகிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். நல்லவர்களுக்குத்தான் அந்தப் பயம் இருக்கும். கண்டிராக்டருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

நைனா சரி என்றார். வேறு என்ன சொல்வார்? மாட்டேன் என்றால் கூலியைத் தின்றவன் ஆகிவிடுவார். மாமாவுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அம்மா சொன்னாள். "சாமி காரியத்துக்கு அவன் எதுக்கு?" என்று நைனா தடுத்துவிட்டார்.

கிருத்திகை அன்று காலையில் மலைக்கு ஏறுகிற முதல் படியில் எல்லாரும் கூடினோம். நைனா குளித்து, ஈரத் துணியோடு வந்தார். கண்டிராக்டர் ஒரு வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துப் படியில் ஏற்றினார். பிறகு சாவதானமாக, "பெத்த புள்ளய பக்கத்துல நிறுத்திகினு அணைக்கணும், அதான் மொற" என்றார்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மொட்டை போடுகிறோம் என்று இதே மலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள் நான். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டு வளர்ந்தவள். அம்மா என் தோளைப் பிடித்து, போ என்பதுபோல் தள்ளினாள். நைனா இடது கையை என் தலைமேல் வைத்தார். வலது கை கற்பூரத்துக்கு மேலே போயிற்று. "முருகா, நான் ஒரு தம்பிடிகூட…" என்று ஆரம்பித்தார்.

நான் கத்திவிட்டேன். "வேணா நைனா! நான் செத்துப் பூடுவேன்! வேணா நைனா!" என்று அவர் கையைப் பிடித்து இரண்டு கையாலும் தொங்கினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையை உதறிவிட்டு அணைத்திருக்கலாம். ஒரு வார்த்தைதான் பாக்கி. ஆனால் கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு அத்தை என்று ஒருத்தி. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைப்பாள். கூழுக்கு உப்பு இல்லை என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "கொயந்தைக்கே தெரியுது பாரு."

கண்டிராக்டர் யாரும் கேட்காமலே முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மலையைப் பார்த்து, "குடுத்துட்டேன் முருகா" என்று தெளிவாகச் சொல்லி, ஒரே அடியில் கற்பூரத்தை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு படியைத் தொட்டுக் கும்பிட்டார். அன்று மத்தியானமே பன்னிரண்டு பேரும், கூலி நைனா மூலமாக வந்து சேர்ந்தது என்று ஒரு காகிதத்தில் நாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து மாமா அரக்கோணத்திலிருந்து ஓடி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் காயிதம் செல்லாது பாவா! கூலிய வுட்டுக் குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்தாலும் சட்டத்துல அது செல்லாது. அவன் ரிஜிஸ்டர்ல ஒரு நாட்டு இல்ல. அதுக்கு பயந்துகினுதான் உன்ன படிக்கு இஸ்துகினு போனான். வர்ற மாசம் விசாரண. நீ வந்து நின்னா போதும், அவன்தான் பதில் சொல்லணும்."

"சாமி முன்னால கைய எடுத்துட்டேன்டா. இனிமே அதிகாரி முன்னால இன்னா மூஞ்சிய வச்சிகினு நிப்பேன்?"

"நீ பொய்யா சொன்ன? ஒண்ணுமே சொல்லலியே!"

"ஆங், சொல்லல. அதான்."

மாமா அன்று அழுதார். மீசை வைத்த ஆள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விசாரணை அன்று அவர் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போனார். மனுக்காரர்கள் யாரும் வரவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்களாம். கண்டிராக்டர் வந்திருந்தாராம், பட்டை விபூதியோடு.

அவர் கை விளங்காமல் போகும் என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் மோர்ப் பந்தலுக்குப் போய் அவர் கையைத்தான் பார்ப்பேன். நன்றாக இருந்தது. பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். முருகன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இன்றைக்கும் மூட்டுவலியோடு படியேறிக்கொண்டுதான் இருக்கிறேன். கூலி கொடுக்கிற வேலையை அவன் எப்போது ஏற்றுக்கொண்டான்? அதற்குத்தான் ஓர் அதிகாரியை உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள்தான் அவரிடம் போகவில்லை.

நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

விசாரணை முடிந்த மறுவாரம் நைனா அம்மாவின் கம்மலை வாங்கிக்கொண்டு போய் விற்று, ஒரு மூட்டை கேழ்வரகு கொண்டு வந்தார். "நான்தான கூப்ட்டுகினு போனேன். அவங்க வூட்ல அடுப்பு எரியல" என்றார். அம்மா காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். நைனாவும் நானும் வீடு வீடாகப் போய்ப் படியால் அளந்து கொடுத்தோம். படியைத் தலைதட்டுகிற வேலை எனக்கு. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நைனா முகத்தையும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு அத்தை மட்டும் முறத்தில் வாங்கிக் கொட்டிவிட்டு, நைனா அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் என்னை இழுத்து வைத்து ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள். தலையைத் தடவி, "உங்க நைனா இன்னா பண்ணியிருந்தாலும் உன் தலமேல கைய வச்சி பொய் சொல்லலடி. அந்த மட்டுக்கும் நல்லவன். இப்பவாவது திருப்பிக் குடுத்தானே" என்றாள்.

எனக்கு அதில் கேட்டதெல்லாம் நல்லவன் என்ற சொல்தான். நான் உயிரோடு இருக்கிறேன், நைனாவைத் தெருவே நல்லவன் என்கிறது, எல்லாம் நான் கையைப் பிடித்து இழுத்ததால் என்று எனக்கு ஒரே பெருமை. வெல்லத்தில் பாதியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் இருந்த அம்மாவிடம், அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன்.

அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. வேண்டிப் பெற்றவளை யாராவது அடிப்பார்களா? அன்று அடித்தாள். கையில் இருந்த வெல்லம் சாம்பலில் போய் விழுந்தது. அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு, தானும் அழுதாள். பாதி வெல்லத்தை அவளுக்கென்று வைத்திருந்தேனே, அது கீழே விழுந்ததற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.